பச்சைப் பெல்ட்டில் மூன்று ஓட்டைகள்

நாகூரில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கைலிக்கு மேல் கட்டும் பச்சைப் பெல்ட்டை அவர் மகன் என்னிடம் காட்டினார். கடையில் வாங்கியபோது இருந்த ஓட்டைகளைத் தாண்டி, ஆணியைப் பழுக்கக் காய்ச்சிப் போட்டவை மூன்று. ஒன்றரை வருஷத்துக்குள் மூன்று. மோதிரத்திலும் நூல் சுற்றியாகிவிட்டது. "வாப்பாவுக்கு வயசாச்சுல்ல, அதான் இளைக்கிறாங்கன்னு விட்டுட்டோம்" என்றார். போன மாதம் கடைத்தெருவுக்குப் போன வாப்பா, தர்கா மினாரா கண்ணெதிரே நிற்க, வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறார்.

ஹொனலுலுவில் ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் 1,890 பேரின் எடையை 32 ஆண்டுகள் குறித்துவந்த ஆய்வு 2005இல் வெளியானது. அவர்களில் 112 பேருக்கு மறதிநோய் வந்தது. நடுவயதில் அவர்கள் எடைக்கும் மற்றவர்கள் எடைக்கும் பெரிய வித்தியாசமில்லை. முதுமையில், நோய் கண்டறியப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, இவர்கள் மட்டும் கூடுதலாக இளைத்திருந்தார்கள்.

அப்படியானால் குண்டாக இருப்பது மூளைக்கு நல்லதா? 13 லட்சம் பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வு இந்தச் சிக்கலை அவிழ்த்தது. நோய் வருவதற்கு இருபது ஆண்டுக்கு முந்தைய எடையைப் பார்த்தால், பருமனானவர்களுக்கே ஆபத்து அதிகம். நோய்க்கு நெருங்கிய பத்தாண்டு எடையைப் பார்த்தால், மெலிந்தவர்களுக்கு. மெலிவு நோயைக் கொண்டுவருவதாகத் தெரியவில்லை. உள்ளே புகுந்துவிட்ட நோய்தான் உடம்பைக் கரைக்கிறது என்றே தோன்றுகிறது.

மறதிநோய் வகைகளில் ஒன்றான அல்சைமர் தொடக்கத்திலேயே தொடும் மூளைப் பகுதிகளில் ஒன்று மோப்பத்துக்கான பகுதி. வாசனை போனால் மீன் ஆணமும் வெந்நீர்போலத்தான். பிறகு மறதி. எங்கள் ஊரில் "பசியாறியாச்சா?" என்றால் "ஆச்சு" என்பதுதான் மரியாதை. சாப்பிட மறந்தவரும் அதையேதான் சொல்வார். மருமகள் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 27 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள் என்கிறது லாசி எனும் தேசிய முதுமை ஆய்வு. காலமெல்லாம் நாற்று நட்ட உடம்பு நாற்பத்தைந்து கிலோவைத் தாண்டியிருக்காது. ஆகவே எடை எவ்வளவு என்பதைவிட, எவ்வளவு இறங்கியது என்பதே கேள்வி. அறுபது கிலோ ஆள் முயற்சியில்லாமல் ஆறு மாதம், ஒரு வருஷத்தில் மூன்று கிலோ இழந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு, ஆடுகிற பல்செட் என்று வேறு காரணங்களும் உண்டு, பலவற்றைச் சரிசெய்யலாம்.

பெரியவருக்கும் இந்தக் காரணங்களுக்கான சோதனைகள் நடக்கின்றன. மகன் எடை மெஷின் வாங்கிவிட்டார். ஜும்மாவுக்குக் கிளம்பும்முன் வாப்பாவை ஏற்றி நிறுத்தி, காலண்டரில் கிலோவை எழுதுகிறார். பக்கத்தில் அமர்ந்து ஊட்டினால் இரண்டு இடியாப்பம் கூடுதலாக இறங்குகிறதாம்.