5 வோல்ட் ஷாக் அடிக்குமா?

செல்போன் சார்ஜரின் மறுமுனையில் வருவது வெறும் 5 வோல்ட். அதைத் தொட்டால் ஷாக் அடிக்குமா? “அடிக்காது” என்றுதான் எல்லாரும் சொல்வீர்கள். முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தோல் நனைந்திருந்தால் நம் உடலின் மின்தடை சுமார் 1000 ஓம் வரை இறங்கிவிடும். சுவர் சாக்கெட்டின் 230 வோல்ட்டை 1000 ஓமால் வகுத்தால் 230 மில்லிஆம்பியர். சுமார் 10 மில்லிஆம்பியரிலேயே தசை இறுகி, பிடித்த கம்பியைக் கை விட மறுக்கும். 230 என்றால் உயிரே போகலாம். 5 வோல்ட்டுக்கு இதே கணக்கு 5 மில்லிஆம்பியர்தான் தருகிறது. தோல் காய்ந்திருந்தால் அதுவும் வராது.

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் இதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது. மாறுதிசை மின்னோட்டத்தில் 50 வோல்ட், நேர்திசை மின்னோட்டத்தில் 120 வோல்ட். அதற்குள் இருப்பது ‘மிகக் குறைந்த மின்னழுத்தம்’.

அப்படியானால் 5 வோல்ட்டுக்குப் பயமே வேண்டாமா? இங்கேதான் சூட்சுமம். 5 வோல்ட் என்பது இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் மட்டுமே. தரைக்கும் ஒரு கம்பிக்கும் இடையே எவ்வளவு? மட்டமான சார்ஜர் ஒன்றின் உள்ளே 230 வோல்ட் பகுதி மறுபக்கத்தைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். இரு கம்பிகளுக்கிடையே மீட்டர் அப்போதும் 5 என்றே காட்டலாம். ஆனால் வெறுங்காலோடு தரையில் நின்று ஒரு கம்பியைத் தொடுபவரைத் தாக்குவது 230!

அதனால்தான் பொறியாளர்கள் வோல்ட் எண்ணோடு நிறுத்தாமல், அந்த மின்சாரம் எப்படிப் பிரிக்கப்பட்டு வருகிறது என்றும் பார்த்து மூன்று வகையாக்கினார்கள். முதல் வகை ‘செல்வ்’. இதில் டிரான்ஸ்பார்மருக்குள் 230 பக்கத்துச் சுருளும் 5 பக்கத்துச் சுருளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. காந்தப்புலம் வழியாகத்தான் ஆற்றல் தாண்டுகிறது. நடுவே இரட்டைக் காப்பு. தரையோடும் இணைப்புக் கிடையாது. ஆகவே ஒரு கம்பியைத் தொட்டாலும் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லை. இரண்டாவது ‘பெல்வ்’: பிரிப்பு அதே மாதிரிதான், ஒரு முனையை மட்டும் எர்த் செய்திருப்பார்கள். தொழிற்சாலை இயந்திரங்களின் 24 வோல்ட் கட்டுப்பாட்டுச் சுற்றுகளில் இது சகஜம். மூன்றாவது ‘ஃபெல்வ்’. வோல்ட் குறைவுதான், ஆனால் பாதுகாப்பான பிரிப்பு இல்லை. இதை 230 வோல்ட் போலவே மூடி, காப்புப் போட்டு வைக்க வேண்டும். என்னைக் கேட்டால், எண்ணைப் பார்த்து ஏமாறவைக்கும் வகை இதுதான்.

நீச்சல் குளத்துத் தண்ணீருக்குள் விளக்கு எரியுமே, அதற்கு முதல் வகை மட்டுமே அனுமதி. அதுவும் மாறுதிசையில் 12 வோல்ட்டுக்கு மேல் கூடாது. டிரான்ஸ்பார்மரைக் குளத்துக்கு வெளியே தள்ளி வைப்பார்கள்.

சாக்கெட்டிலிருந்து கழற்றிய பிறகு உங்கள் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்துகளுக்கு நடுவே ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் தெரியும். இரட்டைக் காப்பு என்பதற்கான குறி அது. குறி இல்லையா, அல்லது உறை விரிசல் விட்டிருக்கிறதா? இனி அதைச் செருகாதீர்கள், பெரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.