உங்களுக்குத் தெரியுமா? மனிதக் குரங்குக்கும் மரமேறக் கற்றுத்தர வேண்டும்!

மலேசியாவின் சபா மாநிலத்தில், சண்டக்கான் நகருக்கு அருகே இருக்கிறது செபிலோக் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம். 1964-இல் தொடங்கியது. காடழிப்பிலும் வேட்டையிலும் தாயை இழந்த குட்டிகள் இங்கே வந்து சேர்கின்றன. மரமேறுவது, இரை தேடுவது, இரவுதோறும் கிளைகளை மடக்கி இலைப்படுக்கை போடுவது எல்லாம் குட்டிகள் ஆறேழு வருடம் தாயை விட்டகலாமல் பார்த்துப் பழக வேண்டியவை. தாய் இல்லாததால் அந்தப் பொறுப்பு ஊழியர்கள் தலையில்! வந்ததும் முதலில் தனிமைப்படுத்தல்தான். மனிதர்களின் சளியும் காசநோயும் இவற்றையும் தாக்கும்.

தேறியவை காட்டுக்குள் விடப்படுகின்றன. பசித்தால் மையத்தின் உணவு மேடைக்குத் திரும்பி வரலாம், பழம் கிடைக்கும். ஆனால் வேண்டுமென்றே அலுப்பூட்டும் சாப்பாடு! சலித்துப்போய்த் தானே காட்டில் தேடட்டும் என்ற கணக்கு. காட்டில் பழம் மலிந்த காலத்தில் மேடைப் பக்கம் வருவது குறையும். கேமராவும் கையுமாக வந்தவர்களுக்கு ஏமாற்றம். மையத்துக்கோ அதுதான் தேர்ச்சி.

ஒவ்வொரு குட்டிக்கும் ஏன் இவ்வளவு மெனக்கெடல்? ஒருமுறை ஈன்ற தாய் அடுத்த குட்டி ஈனப் பெரும்பாலும் ஏழெட்டு ஆண்டுகள் ஆகின்றன.