வெயில் நாட்டில் நீர் உறைந்தால்

பனியும் உறைவும் வட நாடுகளுக்கே உரியவை, வெயில் நாட்டாருக்கு அவற்றால் தொல்லையில்லை என்று கருதுவோர் பலர். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாழ்வோரும் பெரும்பாலும் அவ்வாறே கருதி வீடு கட்டினர், படகு வாங்கினர். 2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் டெக்சாஸ் மாநிலம் அதற்குக் கொடுத்த விலை பெரிது. அத்திங்கள் 16ஆம் நாள் டாலஸ் நகரில் வெப்பநிலை சுழிக்குக் கீழே ஏறத்தாழ 19 டிகிரி செல்சியசுக்கு இறங்கியது. கடலை அடுத்த ஹூஸ்டனிலும் சுழிக்குக் கீழே 10 டிகிரியைத் தாண்டியது. 45 லட்சம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் நின்றது. மாநிலச் சுகாதாரத் துறையின் கணக்குப்படி இறந்தோர் 246 பேர்.

இதனை யாரும் கண்டிராத புதுமை என்று சொல்வதற்கில்லை. 1899ஆம் ஆண்டு பிப்ரவரியில் புளோரிடாவின் தலைநகரான டலஹாசியிலும் இதே அளவு குளிர் அடித்தது. மிசிசிப்பி ஆற்றில் மிதந்த பனிக்கட்டிகள் நியூ ஆர்லியன்சைக் கடந்து மெக்சிகோ வளைகுடாவிற்குள் சென்றன. 1989இலும் 2011இலும் டெக்சாஸ் உறைந்தது. பத்து, இருபது ஆண்டுகளுக்கு ஒரு முறை வருவதை மனிதர் எளிதில் மறந்துவிடுகின்றனர். அதுவே இங்கு முதற் கேடு.

இனி, உறையும் நீர் குழாயை உடைப்பது எவ்வாறு என்பதைக் காண்போம். பொருள்களுள் பெரும்பாலானவை குளிரக் குளிரச் சுருங்கும். நீரும் 4 டிகிரி செல்சியஸ் வரை சுருங்கி, அதன் கீழே விரியத் தொடங்கும். உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு கூடுகிறது. 11 படி நீர் உறைந்தால் 12 படி பனிக்கட்டி ஆகும் எனலாம். வகுப்பில் இதைக் காட்ட விரும்பும் ஆசிரியர், நேரான சுவருடைய பிளாஸ்டிக் குவளையில் 11 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் ஊற்றிக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் ஓர் இரவு வைத்தால் போதும். மறுநாள் அளவுகோலே விளக்கிவிடும். மூடிய கண்ணாடிப் புட்டியை மட்டும் வைத்துவிடலாகாது. வெடித்துக் கையைக் கிழிக்கும்.

ஆயினும், பனிக்கட்டி பருத்துக் குழாயின் சுவரைப் பிளக்கிறது என்று எண்ணுவது முழு உண்மையன்று. குழாயின் ஓரிடத்தில் உறைந்த நீர் முதலில் அடைப்பாக நிற்கிறது. அவ்வடைப்பு நீள நீள, அதற்கும் மூடிய திருகு குழாய்க்கும் இடையே சிக்கிய நீர் போக்கிடமின்றி நெருக்குண்கிறது. அந்நெருக்கம் தாங்காமல், பனிக்கட்டியே இல்லாத இடத்திலுங்கூடக் குழாய் வெடிப்பதுண்டு. திருகு குழாயைச் சிறிது திறந்து நீரைச் சொட்ட விடுமாறு பெரியோர் கூறுவதன் பயன் இதனால் விளங்கும். ஓடும் நீர் உறையாது என்பதைவிட, நெருக்குண்ட நீருக்கு வழி கிடைக்கிறது என்பதே அதன் சிறப்பு.

குளிர் நாடுகளில் நிலத்தடிக் குழாயை உறைவு எட்டாத ஆழத்திற் புதைப்பர். வீட்டின் உட்சுவர் வழியே மேலேற்றுவர். டெக்சாசிலோ பல வீடுகளில் குழாய்கள் கூரைக்கும் மேல்தளத்திற்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் ஓடுகின்றன. கோடை வெப்பம் வெளியேறுவதற்கென்றே அவ்விடத்தில் காற்றுத் துளைகள் வைக்கப்பட்டுள்ளன. கோடைக்கு நன்மை செய்த துளை, உறைபனி நாளில் குளிரை உள்ளே அழைத்துக்கொள்கிறது. இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர் 1990களில் நடத்திய சோதனையில், போர்வையிடாத இத்தகைய குழாய்களுக்கு வெளிவெப்பம் சுழிக்குக் கீழே 7 டிகிரி அளவில் வருவதே எச்சரிக்கை எல்லை எனக் கண்டனர்.

குழாய்க்கு நுரைப் போர்வை இடுவது நல்லது. ஆனால் போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உள்ள வெப்பம் போவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. ஓரிரவுக் குளிருக்கு அது போதும். நான்கு நாள் மின்வெட்டுக்குப் போதாது. தோட்டக் குழாயில் மாட்டிய ரப்பர் நீர்க்குழலைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிடில் நீர் வெளியேறாமல் உள்ளேயே தங்கும். சமையலறைத் தொட்டியின் கீழுள்ள அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால் அறையின் வெப்பம் குழாயை எட்டும்.

சொட்ட விடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2021இல் எண்ணற்ற வீடுகள் ஒரே வேளையில் நீரைத் திறந்துவிட்டன. வெடித்த குழாய்கள் மறுபுறம் கொட்டின. மின்சாரமின்றி நீரேற்று நிலையங்களும் தளர்ந்தன. ஊர் முழுவதும் நீரழுத்தம் வீழ்ந்தது. மருத்துவமனைக்கும் தீயணைப்புக்கும் நீர் வேண்டும், ஆகவே குழாய்களைச் சொட்ட விடாதீர் என ஹூஸ்டன் நகர ஆட்சியினர் மக்களைக் கேட்டுக்கொண்டனர். ஒரு வீட்டைக் காக்கும் வழி ஊருக்குத் தீங்காயிற்று! அந்நிலையில் உகந்தது, வீட்டின் தலைமை வால்வை அடைத்து, மேலும் கீழுமுள்ள திருகு குழாய்கள் யாவற்றையும் திறந்து நீரை வடித்துவிடுவதே. அவ்வால்வு எங்கே உள்ளது என்பதைக் குளிர் வருமுன் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். வெந்நீர்க் கலத்தை வடித்தால் அதன் மின்னையோ எரிவாயுவையோ முன்பே நிறுத்திவிட வேண்டும்.

படகின் நிலை இதனினும் இடரானது. வடக்கே இலையுதிர் காலத்திலேயே படகுகளைக் கரையேற்றி, குளிர்காலத்திற்கு ஆயத்தம் செய்துவிடுவர். தெற்கே ஜனவரியிலும் மீன்பிடிக்கச் செல்வதால் அவ்வழக்கம் வேரூன்றவில்லை. நீரில் மிதக்கும் படகைச் சுற்றியுள்ள நீர் ஓரளவு காக்கும். இழுவண்டிமேல் ஏற்றி முற்றத்தில் நிறுத்திய படகை எப்புறமும் குளிர்காற்றே சூழும். ஏரி நீரையோ கடல் நீரையோ உறிஞ்சிக் குளிரும் உள்ளியந்திரத்தில் அந்நீர் தங்கி உறைந்தால் வார்ப்பிரும்பே பிளந்துவிடும். வடிதிருகுகளைக் கழற்றுவதோடு நில்லாமல், துளையைக் கம்பியால் குத்தியும் பார்த்தல் வேண்டும். துருவும் மணலும் அடைத்து, வடிந்ததுபோல் ஏமாற்றும். பின்புறம் தொங்கும் வெளியியந்திரத்தை நிமிர்த்தி வைத்தால் பெரும்பாலும் தானே வடிந்துவிடும்.

குடிநீர்க் குழாய்களில் உறைதடுப்பு நீர்மம் ஊற்றுவோர் புரோபிலின் கிளைக்கால் வகையையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். எதிலின் கிளைக்கால் நஞ்சு. மின் சூடேற்றியை நம்பியோர் மின்சாரம் நின்றபோது கைவிடப்பட்டனர். பெட்ரோல் ஆவி தங்கும் இயந்திர அறையில் சாதாரணச் சூடேற்றியை வைப்பதோ தீயை அழைப்பதாகும்.

படகின் அடித்தட்டிலுள்ள கடல்நீர் வால்வில் சிக்கிய நீர் உறைந்து அதன் உடலைப் பிளந்தாலும், பனிக்கட்டி உள்ளவரை அதுவே அடைப்பாக நிற்கும். வெயில் வந்து உருகும் நாளில்தான் நீர் உட்புகுந்து படகு மூழ்கும். எனவே, குளிர் நீங்கிய முதல் நாளில் வால்வு, வடிகட்டி, நீர்க்குழல் ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். இயந்திர எண்ணெயை அளவுகோலால் எடுத்துப் பார்க்கையில் அது பால் கலந்தாற்போல் வெளுத்திருப்பின், உள்ளே நீர் கசிந்துவிட்டது; இயந்திரத்தை முடுக்காமல் பழுது பார்ப்போரை அழைத்தல் வேண்டும்.