சார்க்கில் சீனாவுக்கும் இடமா?

இலங்கை மிளகின் மிகப் பெரிய சந்தை இந்தியா. மிளகு விளையும் எமது மாத்தளை மாவட்டத்தில், அம்பன் கங்கையின் குறுக்கே மொரகஹகந்த அணையைக் கட்டியது சீன நிறுவனம். ஆகவே, சார்க் அமைப்பில் சீனாவைச் சேர்க்கலாமா என்ற வினா எமக்கும் உரியதே.

1985 டிசம்பர் 8ஆம் திகதி டாக்காவில் ஏழு நாடுகளுடன் சார்க் உதயமானது. 2007இல் ஆப்கானிஸ்தான் எட்டாவது உறுப்பு நாடாயிற்று. சீனா இன்றும் அவதானிப்பாளர் மட்டுமே. முடிவெடுக்கும் உரிமை அதற்கில்லை.

சேர்க்க வேண்டும் என்போர் கூறும் நியாயங்கள் இரண்டு. சார்க் நாடுகளில் ஐந்து சீனாவுடன் எல்லை கொண்டவை. மேலும், சீனா வந்தால் இந்தியாவின் செல்வாக்குக்கு ஒரு சமநிலை கிடைக்கும்.

ஆனால் சார்க் சாசனத்தின்படி எல்லா முடிவுகளும் ஏகமனதாகவே எடுக்கப்பட வேண்டும். இந்தியா இணங்காவிடின் சீனா உறுப்பினராக முடியாது. உறுப்பினரானாலும், முடிவுகளைத் தடுக்கக்கூடிய நாடு ஒன்று கூடிவிடும். இந்திய–பாகிஸ்தான் பிணக்கினால் 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்கவிருந்த உச்சி மாநாடு கைவிடப்பட்டது. 2014 காத்மண்டு மாநாட்டின் பின் தலைவர்கள் மாநாட்டுக்குக் கூடவேயில்லை.

அந்த விதியை மாற்றினால் என்ன? மாலைதீவுக்கும் இலங்கைக்கும் இந்தியாவுக்குச் சமமான குரலைத் தருவது அந்த விதியே. சிறிய நாடுகள் அதை இழக்கலாகாது.

சீனாவுடன் தொழில் செய்ய சார்க் தடையுமன்று; மொரகஹகந்த அணை இரு நாட்டு ஏற்பாட்டினால்தான் எழுந்தது. ஆகவே சீனா அவதானிப்பாளராகவே இருக்கட்டும். முதலில் எட்டு நாடுகளும் ஒன்றாக அமர்ந்து பேசட்டும் என்பதே எனது கருத்து. உள்ள உறவினரே பேசிக்கொள்ளாத வீட்டுக்குப் புது விருந்தாளியை அழைத்துப் பயனென்ன?