பேய் பிடிச்சிருக்குன்னு முடிவு பண்ணும் முன்...

இன்னைக்கு ஒரு நேயர் கேட்ட கேள்வி: கிறிஸ்தவர்கள் இப்பவும் பேய் இருக்குன்னு நம்புறாங்களா?

நம்புறாங்க. ஆனா நம்ம ஊர்ல பேய்னா அகாலமா செத்தவங்களோட ஆவி. கிறிஸ்தவ நம்பிக்கையில் பிசாசுகள் என்பவை, கடவுளால் நல்லவையாகப் படைக்கப்பட்டு, தாங்களாகவே கெட்டுப்போன தூதர்கள். 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் அறிவித்ததும் இதைத்தான். அதாவது, பிசாசு கடவுளுக்குச் சமமான எதிரி கிடையாது. அதுவும் ஒரு படைப்புதான்.

சரி, பேயோட்டுதல்? கத்தோலிக்கத் திருச்சபையில் இன்றும் உண்டு. ஆனால் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, ஆயரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் அதைச் செய்யக் கூடாது.

அனுமதி மட்டும் போதுமா? ஜெர்மனியில் வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த ஒரு மாணவிக்கு, ஆயரின் அனுமதியோடு 67 முறை பேயோட்டினார்கள். கடைசி மாதங்களில் முறையான மருத்துவம் இல்லை. சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார். 1976-இல் பட்டினியால் இறந்தபோது வயது 23. பெற்றோரும் இரண்டு குருக்களும் குற்றவாளிகள் என்று 1978-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1999-இல் வெளியான புதிய சடங்குமுறை, மனநோயைப் பேய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என எச்சரிக்கிறது. பேய் உண்டுன்னு நம்புறது வேற. இவருக்குப் பேய்தான் பிடிச்சிருக்குன்னு முடிவு கட்டுறது வேற. வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்தாலோ, காதில் குரல் கேட்டாலோ, முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஜெபம் பண்ண அதுக்கப்புறமும் நேரம் இருக்கு.