ஆறு இலக்கமும் முப்பத்திரண்டு பிட்டும்

பொதட்டூர்பேட்டையின் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவோர் ஆளுக்கொரு விதமாக எழுதுகின்றனர். ஆயினும் கடிதங்கள் தவறாமல் வந்து சேருகின்றன. காரணம், 631208 என்னும் அஞ்சல் குறியீட்டு எண். 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த இம்முறையை வகுத்தவர், மத்திய அரசின் செய்தித் தொடர்பு அமைச்சகத்தில் பணியாற்றிய ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர்.

முதல் இலக்கமான 6, தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலத்தைக் குறிக்கும். ஆந்திர எல்லைக்கு அப்பாலுள்ள நகரியின் எண் 517590. அண்டை ஊர்தான், மண்டலம் வேறு. கொல்கத்தாவில் கடிதம் பிரிப்பவருக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. 631 என்ற முதல் மூன்று இலக்கங்களைக் கொண்டே எந்தப் பையில் போடுவது என்று அவர் முடிவு செய்துவிடலாம். மீதி மூன்றைக் கவனிப்பது இங்குள்ளவர் வேலை.

இணையமும் இப்படித்தான் இயங்குகிறது. இவ்வூர் நெசவாளர் ஒருவர் புதுச் சேலையின் படத்தைச் சென்னை வியாபாரிக்கு அனுப்புவதாகக் கொள்வோம். படம் பல சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்லும். ஒவ்வொரு பொட்டலத்தின் முன்னும் குறைந்தது 20 பைட் நீளமுள்ள தலைப்பு உண்டு. அதில் 13 முதல் 16 வரையிலான பைட்டுகள் அனுப்புநர் முகவரி. 17 முதல் 20 வரை பெறுநர் முகவரி. 1981 செப்டம்பரில் வெளியான 791ஆம் எண் விதி ஆவணம் இதை வரையறுத்தது. வழியிலுள்ள திசைவிக் கருவிகள் முகவரியின் முற்பகுதியைப் பார்த்தே பொட்டலத்தை அடுத்த கருவிக்குத் தள்ளுகின்றன.

இடம் குறித்தால் மட்டும் போதுமா? போதாது! பொட்டலத்தின் மொத்த நீளம் 3, 4ஆம் பைட்டுகளில் எழுதப்படுகிறது. அங்கே 1, 2 என்று இருந்தால் நீளம் 1×256 + 2 = 258. ஆனால் சில கணிப்பொறிகள் தம் நினைவகத்தில் சிறிய பைட்டையே முதலில் வைக்கும். அவ்வழக்கப்படி படித்தால் 2×256 + 1 = 513 ஆகிவிடும். வராத 255 பைட்டுகளை எதிர்பார்க்கும் கருவி பொட்டலத்தையே தள்ளிவிடும். சேலைப் படம் போய்ச் சேராது. எனவே பெரிய பைட்டே முதலில் செல்ல வேண்டும் என்று விதித்துள்ளனர். (நம் அஞ்சல் முகவரியோ வீட்டில் தொடங்கி மாநிலத்தில் முடிகிறது. பிரிப்பவர் அதைக் கீழிருந்து மேலாகப் படித்துக்கொள்கிறார். கருவிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.)

இந்த ஒப்புமையை அதிகம் நீட்டக்கூடாது. அஞ்சல் எண் ஊரோடு ஒட்டியது. இணைய முகவரி வலையமைப்போடு ஒட்டியது. தவிர, 32 பிட்டுகளில் 429 கோடி முகவரிகளே அமையும். உலக மக்கள் தொகையோ 800 கோடியைத் தாண்டிவிட்டது. உலக இருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3இல் பகிர்ந்தளிக்கப்பட்டன. 128 பிட் முகவரி முறை இப்போது பழைய முறையோடு சேர்ந்து புழங்குகிறது. பொட்டலத்தின் முதல் 4 பிட்டுகளில் 4 இருந்தால் பழைய முறை, 6 இருந்தால் புதியது.

மாணவர்களே, பாடக் குறிப்பில் எடுத்துக்காட்டாக ஒரு முகவரி எழுத வேண்டுமா? மனத்தில் தோன்றியதை எழுதினால் அது யாரோ ஒருவருடைய கணிப்பொறியாக இருக்கக்கூடும். 192.0.2.0 முதல் 192.0.2.255 வரை எவருக்கும் வழங்கப்படுவதில்லை, எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கியுள்ளனர். 192.0.2.1 என்று தாராளமாக எழுதுங்கள்.