பொலிகுதிரையின் விரைக் குறையும் பெட்டையின் மலடும்

அந்தியூர்க் குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்குவோர் சுழி பார்ப்பர். நிறமும் நடையும் பார்ப்பர். பொலிகுதிரையாக வைக்கும் எண்ணமுடையவர் பின்னங்கால்களுக்கிடையே விரைகள் இரண்டும் இறங்கியுள்ளனவா என்று பார்ப்பது இவை யாவற்றினும் முக்கியமாம். தியாகதுருகம் பகுதியிலிருந்து அங்குச் செல்வோர் இதனைக் கருத்தில் வைத்தல் நலம்.

ஆண் குட்டியின் விரைகள் பிறப்பதற்கு ஏறக்குறைய ஒரு மாதத்திற்கு முன்பிருந்து, பிறந்த பத்து நாட்களுக்குள் வயிற்றினின்றும் பைக்குள் இறங்கிவிடுவது இயல்பு. சிலவற்றில் ஒன்று உள்ளேயே தங்கிவிடும். வயிற்றின் உஷ்ணத்தால் அவ்விரையில் விந்து உண்டாவதில்லை. ஆயினும் இறங்கிய மற்றொன்றினால் பெட்டைகள் சினைப்படும். தீங்கு இங்கேதான் இருக்கிறது. இரண்டும் இறங்காத குதிரை மலடாகி, அதன் குறை அதனோடு ஒழியும். ஒற்றை விரைக் குதிரையோ ஊரெங்கும் குட்டிகளை உண்டாக்கித் தன் குறையையும் பரப்பும். இக்குறை ஒரே மரபணுவால் அன்றிப் பலவற்றின் சேர்க்கையால் வருவதென வல்லோர் கருதுகின்றனர். ஆதலின் தாயும் அதனைச் சுமந்திருக்கலாம். அவளிடம் அது புலப்படாது.

பெட்டையின் மலடு வேறு வகையினது. தீனிக் குறைவு, முதுமை, கருப்பை நோய் ஆகியவையே பெரும்பாலும் காரணம்; முதலில் இவற்றையே ஆராய வேண்டும். இவையொன்றும் இல்லாமல், வயது வந்தும் ஒழுங்காகப் பருவத்திற்கு வராத பெட்டையின் இரத்தத்தில் குரோமோசோம்களை எண்ணிப் பார்ப்பது தகும். குதிரைக்கு அவை 64, கழுதைக்கு 62, இரண்டும் கூடிப் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. இணை சேராத இவ்வெண்ணிக்கையே கோவேறு கழுதை மலடாயிருப்பதற்கு ஒரு முக்கிய காரணம். பெட்டைக்குதிரைக்கு எக்ஸ் என்னும் பால் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டும். ஒன்று மட்டுமே அமைந்து மொத்தம் 63 ஆயின் சூற்பைகள் சிறுத்திருக்கும், குட்டி ஈனாது. இது கருவுண்டாகும்போது நேரும் பிழை. இதற்காகத் தாய்க்குதிரையை ராசியற்றதென்று விற்றுவிடுவது வீண் நஷ்டம். வெளித்தோற்றத்தில் பெட்டையாயிருந்தும் ஆணின் குரோமோசோம்களை உடையனவும் உண்டு. இவ்வகை சில குலங்களில் மீண்டும் மீண்டும் தோன்றியிருத்தலால், அத்தகைய பெட்டை பிறந்த வழியை விசாரித்தறிதல் வேண்டும். இவ்விரு நிலைக்கும் மருந்தில்லை. சவாரிக்கும் வண்டிக்கும் தடையுமில்லை.

ஒற்றை விரைக் குதிரையைப் பொலிக்கு விடாது காயடிக்க வேண்டும். வெளியே உள்ளதை மட்டும் நீக்கினால் உள்ளிருப்பது ஆண்குணத்தை விடாது. குதிரை முரட்டுத்தனமும் பெட்டை நாட்டமும் மாறாது நிற்கும். உள்ளே தங்கியதைக் கால்நடை மருத்துவரே அறுவை செய்து எடுக்க வேண்டும். பைக்குள் இறக்கிக் கட்டுவித்து, குறையற்றதென விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும், மரபணு மாறுவதில்லை.

வாரச் சந்தையில் ஆட்டுக்கடா வாங்குவோரும், ஊர்ப் பொதுவில் பொலிகாளை விடும் கிராம அதிகாரிகளும் இதே சோதனையைச் செய்தல் வேண்டும். ஐயமிருப்பின் விலை பேசுமுன் கால்நடை மருத்துவரைக் கொண்டு கையால் தடவிப் பார்க்கச் செய்யலாம்.